பழைய மோட்டச்சைக்கிள்ல ஒரு பின்னேர ஓட்டம்: சங்குப்பிட்டியா முல்லைத்தீவா?

கிளி_ட்வின்:

வணக்கம் அண்ணைமார் அக்காமார். நாங்கள் கூட்டாளிமார் அஞ்சு பேர், கிளிநொச்சி பரந்தன் பக்கம், அஞ்சு பேரிட்டயும் பழைய மோட்டச்சைக்கிள் நிக்குது, வாற சனிக்கிழமை பின்னேரம் எல்லாத்தையும் ஒண்டா வெளியில எடுத்து ஓடுவம் எண்டு கதைச்சு வச்சிருக்கிறம். என்ரை ஹொண்டா சிடி 200, அப்பா ஓடினது. ஒராளிட்ட எம்டி 90, யப்பானில தபால்காரர் கடிதம் குடுக்க ஓடின அதே சிவப்பு, பெயின்ற்கூட இன்னும் மாத்தேல்லை. இன்னொராளிட்ட சி 90. மற்ற ரெண்டும் இங்கிலிஸ்காரன்ரை, ஒண்டு பிஎஸ்ஏ பான்ரம் 125, மற்றது பிஎஸ்ஏ எம் 20, 500 சிசி, வெள்ளைக்காரன்ர ஆமி சண்டையில ஓடின மொடல், ரெண்டாம் உலக யுத்தத்தைச் சொல்லுறன், எங்கட சண்டையை இல்லை.

வேலைக்குப் போக வர எல்லாருக்கும் புது மோட்டச்சைக்கிள் கிடக்கு. இதுகளை ஞாயிற்றுக்கிழமையில ஒருக்கா உதைச்சு ஸ்ராட் பண்ணி ஒழுங்கையால ஒரு சுத்துச் சுத்திப்போட்டு திரும்ப படங்கு போட்டு மூடுறதுதான். ஓடாம நிண்டா எந்த மிசினும் உள்ளுக்கால பழுதாப் போகும் எண்டு அப்பா எப்பவும் சொல்லுவார், அதோட 2022 இல கியூஆர் காட்டி கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் எண்டு இருந்த நேரம் அந்த எம்டி 90தான் எங்கட அஞ்சு வீட்டுக்கும் மாவும் அரிசியும் காஸ் சிலிண்டரும் ஏத்தித் திரிஞ்சது, அதுக்கெண்டே ஒரு வடிவான ஓட்டம் குடுக்க வேணும் எண்டு எங்களுக்கு ஆசை.

கேள்வி என்னெண்டா எந்த றோட்டு. வெய்யில் தாழ வெளிக்கிட்டு, தண்ணி தெரியிற இடமாப் பாத்து பொழுதுபடுறதைப் பாத்து, ஒரு பிளேன்ரீ குடிச்சுப்போட்டு எட்டு மணிக்குள்ள வீட்டை வரவேணும். ரெண்டு பேர் மாங்குளம் போய் ஒட்டுசுட்டானால முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போவம் எண்டு நிக்கினம், காட்டுக்குள்ளால போற றோட்டு, நிழல், குளிர். மற்ற ரெண்டு பேர் பரந்தனால திரும்பி பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் எண்டு சொல்லீனம். நான் நடுவில நிக்கிறன்.

மற்றது லைற். பான்ரத்தின்ர லைற்றைப் பாத்தா குப்பி விளக்கு மாதிரித்தான், எஞ்சினை முறுக்கினா கொஞ்சம் வெளிக்கும், விட்டா மங்கும். எம் 20 இன்ரையும் அவ்வளவு சொல்ற மாதிரி இல்லை. இருட்டினாப் பிறகு இந்த ரெண்டையும் எப்பிடிக் கொண்டு வாறது? வேகமும் ஒரு பிரச்சினை, என்ரை எண்பதுக்கும் போகும், எம்டி நாப்பத்தஞ்சு அம்பதுக்கு மேல போனா பாவம் கத்துது. இப்பிடிக் கலப்பாப் போன ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ.

முத்தையன்கட்டு_வாசி:

தம்பி, மாங்குளம் முல்லைத்தீவு றோட்டு என்ர றோட்டு, அதில பிறந்து வளந்தவன் சொல்லுறன், பின்னேரத்தில அதுக்குள்ள உந்த மோட்டச்சைக்கிளுகளோட வராதேங்கோ. காலமை ஏழு மணிக்கு வாங்கோ, ரெண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும் நிக்கும், வெய்யில் இலைக்குள்ளால விழும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரத்தில இறங்கிக் கும்பிட்டுப்போட்டுப் போகலாம், அப்பிடி ஒரு றோட்டு வன்னியில வேற இல்லை. ஆனா பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு அது மனுசற்றை றோட்டு இல்லை, யானையின்ர றோட்டு.

நான் பயப்படுத்தச் சொல்லேல்லை. யானை காட்டுக்குள்ள இருந்து குளத்துக்குத் தண்ணிக்கு வாறதும் வயலுக்கு இறங்கிறதும் அந்த நேரந்தான். வளைவில திரும்பேக்க றோட்டில நிண்டா புது மோட்டச்சைக்கிள் எண்டா பட்டனை அமத்தித் திருப்பிக்கொண்டு ஓடலாம். உங்கட எம் 20 அதில நிண்டுபோனா? அதை உதைச்சு எடுக்க எவ்வளவு நேரம் வேணும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். யானையின்ர நிறமும் மம்மல் நேரத்துக் காட்டின்ர நிறமும் ஒண்டு, நல்ல லைற் இருக்கிறவனுக்கே கிட்டப் போய்த்தான் தெரியும், மங்கல் லைற்றுக்கு ஆனை நிக்கிறது தெரியவே தெரியாது.

அதோட மாடு. பொழுதுபட்டா தார் றோட்டுச் சூட்டுக்கு மாடுகள் எல்லாம் நடு றோட்டில வந்து படுத்திடும், கறுப்பு மாடு கறுப்பு றோட்டில. இஞ்ச கனபேர் விழுந்தது யானையால இல்லை, மாட்டாலதான்.

பூநகரிப் பக்கம் போங்கோ. அங்க காடு றோட்டை ஒட்டி இல்லை, வெட்டை, நாலு பக்கமும் தூரத்துக்குத் தெரியும். எங்கட பக்கம் காலமை வாங்கோ, குளக்கட்டில மீன் பொரிச்சுத் தாறன்.

விசுவமடு_கராச்:

றோட்டுக் கதையை மற்ற ஆக்கள் சொல்லட்டும், நான் மிசினைச் சொல்லுறன். நாப்பது வருசமா இதுதான் தொழில், பரந்தனிலயும் புதுக்குடியிருப்பிலயும் பிறகு இஞ்சயும் கராச் வச்சிருக்கிறன்.

முதல்ல லைற். பான்ரத்தில பற்றரியை நம்பாதேங்கோ, அது பிளைவீல் மக்னற்றில ஓடுற லைற், 6 வோல்ற், எஞ்சின் சுத்துற அளவுக்குத்தான் வெளிச்சம். அதை மாத்தி வயரெல்லாம் வெட்டி அந்த மோட்டச்சைக்கிளைக் கெடுக்க வேண்டாம். செய்யிறது சுகமான வேலை. 12 வோல்ற் 7 ஆம்பியர் அவர் சின்னப் பற்றரி ஒண்டு, யூபிஎஸ்ஸுக்குப் போடுறது, அதை ஒரு பெட்டிக்குள்ள வச்சு பின் கரியரில இறுக்கிக் கட்டுங்கோ. அதில இருந்து 10 வாற் எல்ஈடி லைற் ஒண்டுக்கு தனி வயர் இழுத்து ஹாண்டிலில பூட்டுங்கோ, இன்னொரு வயரில பின்னுக்குச் சிவப்பு. பத்து வாற் எண்டா ஒரு ஆம்பியரும் இழுக்காது, அஞ்சாறு மணித்தியாலம் தாராளமா எரியும், உங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் காணும். வீட்டை வந்து சார்ச் பண்ணுங்கோ. பழைய வயரிங்கோட இதைத் தொடுக்கவே கூடாது, சில இங்கிலிஸ் மோட்டச்சைக்கிளில பிளஸ்தான் பொடியில பூட்டியிருக்கும், தெரியாம எல்ஈடி குடுத்தா எரிஞ்சு போம். முன் லைற்றை விட பின் லைற் முக்கியம் எண்டு நான் சொல்லுவன். நீங்கள் நாப்பதில போறியள், பின்னால பஸ்காரன் எண்பதில வாறான், அவனுக்கு உங்களைத் தெரியவேணும்.

ரெண்டாவது கொண்டென்சர், பிளக்குக்கு நெருப்பு விடுற பொயின்றோட பூட்டியிருக்கிற சின்னச் சாமான். பழசுகள் றோட்டில நிக்கிறது பத்துக்கு எட்டு இதாலதான். வீட்டில உதைச்சா ஒரு அடியில எடுபடும், ஒழுங்கையில வடிவா ஓடும், அரை மணித்தியாலம் ஓடிச் சூடு ஏறினாப் பிறகு படக் படக் எண்டு அடிச்சு நிண்டிடும். காபரேற்றர் எண்டு நினைச்சு அதைக் கழட்டுவியள், கழட்டிப் பூட்டிற நேரத்துக்குள்ள சூடு ஆறிடும், திரும்ப எடுபடும், காபரேற்றர்தான் பிழை எண்டு நம்பிடுவியள், அஞ்சு கிலோமீற்றர் போக மறுபடியும் நிக்கும். அது கொண்டென்சர், சூட்டில வேலை செய்யாமப் போறது. பொயின்றைத் திறந்து பாத்தா நீலமா நெருப்புப் பறக்கும், கருகியும் இருக்கும். புதுசு ஒண்டு பொக்கற்றுக்குள்ள வச்சிருங்கோ, சின்னச் சாமான், பெரிய காசு இல்லை. பொயின்ற் இடைவெளி 0.3 இல இருந்து 0.4 மில்லிமீற்றருக்குள்ள இருக்கட்டும், எமறிக் கடதாசி ஒரு துண்டால மெல்லமாத் தேய்ச்சு, பெற்றோல் தொட்ட துணியால துடைச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ.

மூண்டாவது, தம்பியின்ர சிடி 200 அப்பா ஓடினது எண்டு சொல்லுறியள், அப்ப தொண்ணூறுகளில வன்னியில ஓடினதாத்தான் இருக்கும். அந்த மிசினுகளில ஒரு விசயம் இருக்கு, இப்பத்தைய பெடியளுக்குத் தெரியாது. அப்ப சண்டையால பெற்றோல் தடை, லீற்றர் ஒண்டு என்ன விலைக்கு வித்தது எண்டு வயசான ஆக்களைக் கேளுங்கோ. எல்லாத்தையும் மண்ணெண்ணையில ஓட்டினது. மண்ணெண்ணைக்கு பெற்றோலுக்கு இருக்கிற அமுக்கம் குடுத்தா எஞ்சின் டொக்கு டொக்கு எண்டு இடிக்கும், பிஸ்ரன் போயிடும், அதால நாங்கள் ஹெட்டைக் கழட்டி அதுக்குக் கீழ வைக்கிற தகடு, கஸ்கற், அதை ரெண்டாப் போட்டு, சில நேரம் தகரத்தில வெட்டின பக்கிங்கும் வச்சு அமுக்கத்தைக் குறைச்சுத்தான் ஓடவிட்டது. அந்த ரெட்டைக் கஸ்கற் இப்பவும் கனக்க மோட்டச்சைக்கிளுகளுக்குள்ள அப்பிடியே கிடக்கு. ஓடும், ஆனா இழுவை இருக்காது, பெற்றோலும் குடிக்கும். போன மாதமும் ஒரு சிடி 200 வந்தது, ஹெட்டை எடுத்துப் பாத்தா நான் பழகின வேலைதான், வெட்டின கோடு பாத்தாத் தெரியும். சண்டை எல்லாம் தாண்டி அந்தத் தகரம் அதுக்குள்ள இருந்திருக்கு. கழட்டிப்போட்டு ஒத்தைக் கஸ்கற் போட்டு விட்டன், அதின்ர சத்தமே மாறிப்போச்சு, கொண்டு வந்த பெடியன் றோட்டில ஒரு ஓட்டம் ஓடிப்போட்டு வந்து கண் கலங்கி நிண்டவன். உங்கடையையும் ஒருக்காக் கொண்டு வாங்கோ பாப்பம். மண்ணெண்ணை ஓடினதுகளில ரிங்காலயும் இறங்கி ஒயில் தண்ணியாப் போயிருக்கும், அதால உள்ளுக்க பெயரிங்குகள் தேய்ஞ்சிருக்கும், அதையும் பாக்க வேணும்.

கடைசியா, பான்ரத்துக்கும் எம் 20 க்கும் கியர் வலக்கால் பக்கம், பிறேக் இடக்கால். இடையில ஆளுக்காள் மாத்தி ஓடிப் பாப்பம் எண்டு ஆசை வரும், வரத்தான் செய்யும். மாத்திற எண்டா வெறும் றோட்டில நிப்பாட்டி ரெண்டு மூண்டு தரம் பழகிப்போட்டு மாத்துங்கோ. ஹொண்டா ஓடின கால் அவசரத்துக்கு வலப்பக்கந்தான் மிதிக்கும், பிறேக் எண்டு நினைச்சு கியரை மிதிப்பியள். எம் 20 ஐ உதைக்க முன்னம் ஹாண்டிலில இருக்கிற இக்னிசன் லீவரை நெருப்புப் பிந்தி விழுற பக்கம் எடுத்து விட்டிட்டு உதைக்கச் சொல்லுங்கோ, முந்தி விழுற பக்கம் இருக்க உதைச்சா திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிடும்.

மல்லாவி_சாலி:

அண்ணைமார் எல்லாரும் பெடியளின்ர மோட்டச்சைக்கிளைப் பற்றியே கதைக்கிறியள், சாலி ஓடுற பொம்பிளையள் வரலாமோ? நான் பகிடிக்குக் கேக்கேல்லை, உண்மையா வர விருப்பம்.

என்ரை ஹொண்டா சாலி 50, அம்மாவின்ரை. அம்மா குடும்பநல உத்தியோகத்தர், துணுக்காய் மல்லாவி பாண்டியன்குளம் எண்டு அந்தச் சின்னச் சில்லு மோட்டச்சைக்கிளில போகாத ஒழுங்கை இல்லை. பிள்ளைப்பேறு எண்டு சாமத்தில வந்து கூப்பிட்டா பெட்டியை முன்னுக்கு வச்சுக்கொண்டு வெளிக்கிடுவா. கராச் ஐயா சொன்ன மண்ணெண்ணைக் காலம் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு, நான் சின்னப்பிள்ளை, ஸ்ராட் பண்ணுறதுக்கு பெற்றோல் விடுறது என்ர வேலை. சின்ன சென்ற் போத்தல் ஒண்டுக்குள்ள பெற்றோல் இருக்கும், அதை அம்மா அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுறவா. காபரேற்றருக்குள்ள நாலைஞ்சு துளி விட்டோடன அம்மா உதைப்பா, எடுபட்டோடன மண்ணெண்ணைக்குத் திருப்பி விடுவா, வெள்ளைப் புகை வந்து முத்தம் முழுக்க மணக்கும். பின்னேரம் வந்தா பிளக்கைக் கழட்டி பழைய பிளேட்டால கரியைச் சுரண்டிறது, அது அண்ணாவின்ர வேலை. பிளக் கறுப்பாக் கிடந்து சுரண்டச் சுரண்ட வெள்ளையா வரும்.

அந்தச் சாலியை அம்மா 2009 இல விடேல்லை. எல்லாத்தையும் விட்டிட்டுத்தான் வந்தது, வீடு, மாடு, தையல் மிசின், ஆனா சாலியை விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை எண்டு உருட்டிக்கொண்டே வந்தவா, பெற்றோல் இல்லாட்டியும் அதில சாமான் கட்டித் தள்ளலாம். கடைசியா முள்ளிவாய்க்காலிலதான் விட்டது. பிறகு மீள்குடியேறினாப் பிறகு தேடினா, அது கிடைக்கேல்லை. இப்ப என்னட்ட நிக்கிறது அதே நிறத்தில அம்மாவே தேடி வாங்கினது, பென்சன் காசில. அம்மா இப்ப ஓடுறேல்லை, முழங்கால் வருத்தம், நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுறன், ரீச்சரா இருக்கிறன்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீங்கள். கூட்டமாப் போனா ஆகக் குறைஞ்ச வேகம் ஓடுறவர்தான் முன்னுக்குப் போக வேணும், இதை நாங்கள் மடுத் திருவிழாவுக்கு மல்லாவியில இருந்து பொம்பிளையள் கூட்டமாப் போகேக்க எப்பவும் செய்யிறது. வேகமானது முன்னுக்குப் போனா பின்னுக்கு நிக்கிறவைக்கு அவரை எட்டிப் பிடிக்கிறதுதான் வேலை, றோட்டைப் பாக்க மனம் வராது, மிசினையும் போட்டு முறுக்குவினம். குறைஞ்சது முன்னுக்குப் போனா எல்லாரும் ஒண்டாத்தான் நிப்பினம், ஒருத்தரும் தனிய விடுபடாயினம். உங்கட சிடி 200 ஆகப் பின்னுக்கு வரட்டும், ஆரும் நிண்டா அதில பின்னுக்கு ஏத்தவும் கயித்தால இழுக்கவும் ஏலும், லைற்றும் நல்லம். எம்டி 90 முன்னுக்கு. நான் வந்தா சாலி முன்னுக்கு.

கிளி_ட்வின்:

அக்கா, கட்டாயம் வாங்கோ, சாலி முன்னுக்குத்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர ஏலுமெண்டா என்ர சிடியில பின்னுக்கு வசதியா இருக்கலாம், சீற் பெரிசு. உங்கட அம்மாவை எங்கட அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன், நான் பிறந்தது அக்கராயன் பக்கம் இடம்பெயந்து இருந்த காலத்தில.

கராச் ஐயா, நாளைக்கு வேலை முடிஞ்சு வாறன், ரெட்டைக் கஸ்கற் எண்டு நான் கேள்விப்பட்டதே இல்லை, அப்பாட்டக் கேட்டன், ஓம் போட்டது எண்டு சொல்லுறார், ஆர் போட்டது எண்டு மறந்துபோனார். ஒருவேளை உங்கட கையாவே இருக்கும்.

அப்ப பூநகரிப் பக்கந்தான் எண்டு முடிவு. அந்த றோட்டில அடிக்கடி போற ஆக்கள் ஆரும் இருந்தா காத்து எப்பிடி, எத்தினை மணிக்கு வெளிக்கிடலாம் எண்டு சொல்லுங்கோ.

கைவேலி_காத்து:

பொறுங்கோ, புதுக்குடியிருப்பு றோட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே. பரந்தன் சந்தியால கிழக்கால திரும்பினா தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, எல்லாம் ஊர்மனை, மாங்குளம் றோட்டு மாதிரிக் காடு இல்லை, அம்பது கிலோமீற்றர் சொச்சந்தான், வட்டுவாகல் பாலத்தில நிண்டா ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் பெருங்கடல். வெளிநாட்டில இருந்து வாற ஆக்களுக்கும் காட்டலாம்.

முத்தையன்கட்டு_வாசி:

கைவேலி அண்ணை, றோட்டு நல்லம், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா கிளிநொச்சியில இருந்து போய் வர நூறுக்கு மேல வரும், சாலியும் எம்டியும் நாப்பதில ஓடினா போகவே ஒண்டரை மணித்தியாலம், திரும்பி வாறது முழுக்க இருட்டில. பாலமும் ஒடுக்கம், எதிர வாறவனுக்கு நிண்டு விடவேணும், உதைச்சு எடுக்கிற மிசினுகளோட அந்தப் பாலத்தில வரிசையா நிக்கிறது கரைச்சல். மற்றது, எனக்கு அந்தத் தண்ணியைப் பாக்கப் போறது பின்னேர ஓட்டத்துக்குப் போற மனநிலையோட ஏலாது. அது வேற ஒரு நாளைக்கு, பூவோட போற இடம்.

கைவேலி_காத்து:

சரி தம்பி. ஒத்துக்கொள்ளுறன்.

நாச்சிக்குடா_கடல்:

பூநகரி றோட்டு என்ர தொழில் றோட்டு, நண்டும் இறாலும் ஏத்திக்கொண்டு கிழமையில நாலு நாள் பரந்தனுக்குப் போறனான், அதால கொஞ்சம் விவரமாச் சொல்லுறன்.

பரந்தன் சந்தியில இருந்து பூநகரி 25 கிலோமீற்றர் சொச்சம். முதல் பாதி இரணைமடுத் தண்ணி பாயிற வயல், குஞ்சுப்பரந்தன் பக்கம் ரெண்டு கரையும் பச்சை. இப்ப சிறுபோக வெட்டு நேரம், அதால கவனம், றோட்டின்ர ஒரு பக்கம் நீளத்துக்கு நெல்லுக் காயப்போட்டிருப்பினம், அதில ஏறினா சில்லு வழுக்கும், பாவம் அந்தச் சனத்தின்ர நெல்லும் வீண். வைக்கலும் பறந்து வந்து கிடக்கும். சிடி 200 க்கு செயின் முழுக்க மூடியிருக்கும், பிரச்சினை இல்லை, செயின் வெளிய தெரியிற மோட்டச்சைக்கிளுகளுக்கு வைக்கல் சுத்திக்கொண்டு உள்ளுக்குப் போகும், சைலன்சரிலயும் ஒட்டும், சூட்டுக்குப் புகைக்கும். இறங்கிப் பாத்து இழுத்து விடுங்கோ. உழவு மிசின்காரர் வெட்டு நேரத்தில லைற் இல்லாமத்தான் வருவினம், பெட்டி நிறைய நெல்லு மூட்டையோட, பின்னால போய்ப் பாயாதேங்கோ.

குடமுருட்டிப் பாலம் தாண்டினா வயல் விட்டுப் போயிடும், உவர் வெட்டை, மரம் ஒண்டும் இல்லை, வடக்குப் பக்கம் கடல்நீரேரி வெளிச்சமாத் தெரியும். அதில காத்துத் துவங்கும். ஆவணியில இன்னும் சோளகம், தென்மேற்குக் காத்து, நிக்குது, பின்னேரத்தில நல்லா அடிக்கும். நீங்கள் மேற்க பாத்துப் போறியள், காத்து இடப்பக்கத்தால முன்னுக்கிருந்து வரும், மிசினைப் பின்னுக்கு இழுக்கும், எம்டியும் சாலியும் முப்பத்தஞ்சுக்கு இறங்கும், அதுக்காக முறுக்காதேங்கோ. எம் 20 பாரமான மோட்டச்சைக்கிள், அது ஆடாது. மற்றது வெய்யில். நாலரை அஞ்சுக்குப் பிறகு சூரியன் நேர முகத்தில, உங்களுக்கும் தெரியாது பின்னால வாற வானுக்கும் தெரியாது. அதால மூண்டரைக்குப் பரந்தனால வெளிக்கிட்டா அஞ்சு மணிக்கு முன்னம் பூநகரியில நிக்கலாம், இடையில ரெண்டு தரம் நிண்டாலும். இந்த மாதம் பொழுதுபடுறது ஆறே காலுக்கும் பிறகு. பூநகரியில கோட்டையைப் பாருங்கோ, போத்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பிடிச்சது, இப்ப சுவர்தான் மிச்சம்.

அங்க இருந்து வடக்கால திரும்பினா சங்குப்பிட்டி. 2011 இல பாலம் திறக்க முன்னம் கேரதீவுப் பாதையில, தண்ணியில மிதக்கிற பாதைப் படகைச் சொல்லுறன், அதில ஏத்தித்தான் அக்கரைக்குக் கொண்டு போறது, என்ர அப்பா அதில வண்டிலோட போனவர். பாலத்தின்ர நடுவில நிப்பாட்டாதேங்கோ, ஏற்றம் ஏறி இறங்கிறதால எதிர வாறவனுக்குத் தெரியாது, காத்தும் அங்கதான் கூட, நிப்பாட்டின மோட்டச்சைக்கிளை ஸ்ராண்டோட சாய்ச்சுப் போடும். பாலத்துக்கு இஞ்சால பக்கமா நிப்பாட்டிப்போட்டு நடந்து போங்கோ. மேற்குப் பக்கம் முழுக்க தண்ணி, களங்கட்டி வலையின்ர தடி வரிசையா நிக்கும், அதுக்குப் பின்னாலதான் சூரியன் இறங்கும். தை மாசியில வந்தியளெண்டா பூநாரையும் நிக்கும்.

திரும்பி வரேக்க காத்து பின்னால, தள்ளிக்கொண்டு வரும், போனதை விடக் கெதியா வருவியள். வெட்டைக்குள்ள கரைக்கு இறங்கிப் படம் எடுக்கப் போறதெண்டா ஊர்ச்சனத்தைக் கேட்டிட்டு இறங்குங்கோ, சண்டை நடந்த இடம், மண்டையோடு போட்ட சிவப்புப் போட் கண்டா அங்கால ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

பூநகரிச் சந்தியில பிளேன்ரீ குடிக்கலாம். மொட்டைக்கறுப்பன் அரிசி வேணுமெண்டா முதல் நாளே எனக்கு ஒரு சொல் சொல்லுங்கோ, தெரிஞ்ச வீட்டில எடுத்து வைக்கிறன், எம்டி 90 இல ஏத்திக்கொண்டு போகலாம்.

விசுவமடு_கராச்:

நாச்சிக்குடா தம்பி சொன்ன மூண்டரை சரியான நேரம். அந்தக் காத்துக்கு எதிர அரை மணித்தியாலம் ஓடினாப் பிறகு குடமுருட்டியில பத்து நிமிசம் நிப்பாட்டி ஆறவிடுங்கோ, குறிப்பா பான்ரத்தை. அது ரூ ஸ்ரோக், ஒயிலைப் பெற்றோலோட கலந்துதான் விடுறது, லீற்றருக்கு 40 மில்லி, அதைக் குறைச்சுப்போட்டு வெய்யிலுக்க முறுக்கினா பிஸ்ரன் இறுகிப் பிடிச்சிடும். அங்க போய் ஒயில் தேடாதேங்கோ, சின்னப் போத்தலில கலக்க வேண்டியதைக் கையோட கொண்டு போங்கோ.

கிளி_ட்வின்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இண்டைக்கு கராச் ஐயாட்டப் போனன், ஹெட்டைக் கழட்டினார், ரெட்டைக் கஸ்கற்தான், நடுவில தகரம், பால்மா ரின் வெட்டினது, ஒரு பக்கத்தில எழுத்துக்கூட மங்கலாத் தெரியுது. அப்பா அதைக் கையில வாங்கி வச்சுக்கொண்டு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு எறியாத எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு போட்டார். ஐயா ஒத்தைக் கஸ்கற் போட்டு, காசு ஒயிலுக்கும் கஸ்கற்றுக்கும் மட்டுந்தான் எடுத்தவர்.

சனிக்கிழமை மூண்டு மணிக்கு பரந்தன் சந்தி, பூநகரி றோட்டுப் பக்கம், மர நிழலில நிக்கிறம், மூண்டரைக்கு எடுக்கிறது. வரிசை சாலி, எம்டி, சி 90, பான்ரம், எம் 20, கடைசியா நான். பெற்றோல் கிளிநொச்சியிலயே நிரப்பிக்கொண்டு வாங்கோ. ஆளுக்கொரு பிளக், கொண்டென்சர் ஒண்டு, ரியூப் ஒட்டிற சொலுசனும் பம்மும், கயிறு என்னட்ட இருக்கு. ஹெல்மெற், லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாரும். மல்லாவி அக்கா, அம்மா வாறாவோ எண்டு வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ, பின் சீற்றுக்கு தலாணி ஒண்டு கட்டி வைக்கிறன்.

மல்லாவி_சாலி:

அம்மா வாறா. தலாணி வேண்டாமாம், சென்ற் போத்தல் கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறா.